ஸ்பேனர் யாருடையது?

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் பள்ளிக்கரணை தாண்டியதுமே கார் சம்பந்தப்பட்ட கடைகள் ஆரம்பித்துவிடும். டயர், பேட்டரி, சீட் கவர், ஏசி கேஸ், வாட்டர் வாஷ். மேடவாக்கம் கூட்டு ரோட்டை நெருங்கும்போது கண்ணாடிச் சுவர் வைத்த கம்பெனி சர்வீஸ் சென்டர்கள். அங்கிருந்து சித்தாலப்பாக்கம் பக்கமோ பெரும்பாக்கம் பக்கமோ உள்ளே திரும்பினால் தகரக் கூரை ஷெட்டுகள். பத்து வருடமாக இந்தப் பகுதியில் குடியிருக்கிறேன். தலைக்கு மேல் மேம்பாலம் வந்தது, இப்போது மெட்ரோ தூண்களும் வந்துகொண்டிருக்கின்றன. இத்தனை கடைகளையும் நான் காரில் போகிறவனாகத்தான் பார்த்திருந்தேன். இவற்றில் எதில் வேலைக்குச் சேரலாம் என்ற கண்ணோடு பார்க்க நேர்ந்தது 2024 ஜூனில், சித்தி பையன் வந்தவாசியிலிருந்து பையோடு வந்து இறங்கியபோது.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக், இரண்டு வருடப் படிப்பு. அதற்குப் பிறகு ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த சர்வீஸ் சென்டரில் இரண்டரை வருடம். அதை விட்டுவிட்டு வந்திருந்தான். மேடவாக்கத்தைச் சுற்றி மூன்று இடங்களில் வேலை இருப்பதாக ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். “நீங்க ஒரு தடவ கூட வந்து பாருங்கண்ணா. உங்களுக்குத்தான் கம்பெனி மாறுறதப் பத்தி எல்லாம் தெரியுமே” என்றான்.

தெரியும்தான். நான் நான்கு கம்பெனி மாறியவன். எங்கள் தொழிலில் ஒருவர் ஒரு இடத்தில் சேரும் முன் அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியல், மேனேஜர்களின் குணம், கேண்டீன் சாப்பாடு வரைக்கும் முகம் தெரியாத யாரோ எழுதி வைத்திருப்பார்கள். மெக்கானிக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. கார் வைத்திருப்பவர் பட்டறைக்கு நட்சத்திரம் போடுகிறார். அங்கே வேலை பார்ப்பவர் போடும் நட்சத்திரத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. எனவே வாசலில் போய் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முந்தைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டேன். முதலில் சம்பளம் என்றான். பிறகு தூரம் என்றான். இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மெதுவாக வந்தது. அங்கே தினமும் காலையில் வரிசையாக நிற்க வைத்து இலக்கு சொல்வார்களாம். இன்றைக்கு இத்தனை இன்ஜின் ஃபிளஷிங், இத்தனை த்ராட்டில் பாடி கிளீனிங், இத்தனை ஏசி கிருமி நீக்கம். ஆயில் மாற்ற வந்த வண்டியில் இவற்றில் இரண்டையாவது ஜாப் கார்டில் ஏற்றினால்தான் மெக்கானிக்குக்கும் அட்வைசருக்கும் இன்சென்டிவ். அந்த இன்சென்டிவ் இல்லாமல் கிடைக்கும் அடிப்படைச் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

“ஒரு வாத்தியார் வந்தாருண்ணா. ரிட்டயர்ட். ஆல்டோ. பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. அதுல ஃபிளஷிங் எழுதச் சொன்னாங்க. நான் எழுதினேன். அவரு என்னைப் பாத்து, ‘நீ சொன்னா சரிப்பா’ன்னுட்டாரு. அட்வைசர் சொன்னா சந்தேகப்பட்டிருப்பாரு. என் சட்டைல கிரீஸ் இருந்துச்சு, அதனால நம்பிட்டாரு.”

அவன் இதைச் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1992-இல் கலிஃபோர்னியாவின் நுகர்வோர் துறை, கோளாறே இல்லாத அல்லது சின்னக் கோளாறு மட்டுமே உள்ள கார்களை வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களிடம் கொடுத்து சியர்ஸின் கார் பழுதுபார்ப்பு மையங்களுக்கு அனுப்பிச் சோதித்தது. பெரும்பாலான தடவைகளில் தேவையே இல்லாத வேலையைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் பிறவித் திருடர்கள் அல்லர். அதற்குச் சற்று முன்புதான் நிர்வாகம் இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை வீல் அலைன்மென்ட் என்று இலக்கு வைத்து, வருமானத்தை அதோடு கட்டியிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனத்தின் தலைவர், தாங்கள் வைத்த ஊதிய முறையே தவறுகள் நடக்கும் சூழலை உருவாக்கியது என்று ஒப்புக்கொண்டு, சர்வீஸ் அட்வைசர்களுக்கான கமிஷனை எடுத்துவிட்டார். வணிக மேலாண்மை வகுப்புகளில் இன்றும் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். பாடம் படித்தவர்கள்தான் நம் ஊரில் காலை வரிசையில் நின்று இலக்கு சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, அவனுக்கு நல்ல இடம் என்பது பொய் எழுத வைக்காத இடம். இது ஒன்று மட்டும் என்றால் எளிதாக இருந்திருக்கும்.

இரண்டாவது விஷயம் சித்தப்பா. அவருக்கு சிறுநீரகம் பழுது. அப்போது டயாலிசிஸ் தொடங்கவில்லை. ஆனால் தொடங்கும் நாள் தூரத்தில் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அவன் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். கே.கே. நகரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதற்குள் வருவார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 16,000 சம்பளம் என்றால் இவன் கையிலிருந்து போவது 120 ரூபாய். முதலாளி போடுவது 520. அந்த 120 ரூபாய்க்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நிலம் இருக்கிறது. டயாலிசிஸுக்காக விற்கவேண்டி வரலாம் என்று சித்தி பயந்துகொண்டிருந்த ஒன்றரை ஏக்கர்.

முதல் இடம், பிரதான சாலையில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டர். ஒரு பெரிய பிராண்டின் டீலர். வாசலில் காபி மெஷின், சோபா, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக லிஃப்டுகள். அடிப்படை 16,000, அதற்கு மேல் இன்சென்டிவ். இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. சீருடை, சேஃப்டி ஷூ அவர்களே தருவார்கள். படிப்படியாகப் பயிற்சி, ஒவ்வொரு நிலைக்கும் தேர்வு. மூன்றாம் நிலைக்குப் போனால் மின்சாரக் கார்களில் கை வைக்கலாம்.

இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. மின்சாரக் காரின் பேட்டரி முந்நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடும் முன் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, சொல்லப்பட்ட நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கென்று தனிக் கையுறை. இதை ஷெட்டில் பார்த்துப் பார்த்துப் பழக முடியாது. கார்புரேட்டரைப் பார்த்துப் பழகினார்கள், தவறினால் வண்டி இருமும். இதில் தவறினால் ஆள் போய்விடுவார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 4-இலிருந்து நேராக பி.எஸ். 6-க்குத் தாவியபோதே பல பழைய மெக்கானிக்குகள் டீசல் வண்டியின் புகைப்போக்கி வடிகட்டியோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனார்கள். அடுத்த தாவலை எங்கே நின்று தாவுவது என்பது இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு முக்கியமான கேள்வி.

ஆனால் ஒரே பிராண்டுக்குள் வளர்வதில் ஒரு ஆபத்து உண்டு. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி கார் 2022-இல் வெளியே வந்தது. ஆலைத் தொழிலாளர்களின் போராட்டம் செய்திகளில் வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் ஊர் ஊராக டீலர் பட்டறைகளில் அந்த பிராண்டின் இன்ஜினை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்திருந்த மெக்கானிக்குகள் எந்தச் செய்தியிலும் வரவில்லை. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது உண்மைதான். தொடரும் பட்டறைக்கு எத்தனை கை தேவைப்படும் என்பது வேறு கணக்கு. 2024-இல் அதே ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். கம்பெனிகள் போகும், வரும். போன நேரத்தில் ஒருவன் வாடகை ஆட்டோ வாங்கி ஓட்ட ஆரம்பித்திருப்பான்.

அந்த சர்வீஸ் சென்டரில் அவன் கேட்ட ஒரே கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. எச்.ஆர். பெண்ணிடம் அல்ல, ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்டான். “சார், இன்சென்டிவ் எதுக்குக் குடுப்பீங்க?”

சூப்பர்வைசர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். “எங்க இருந்த?” என்றார். சொன்னான். “அப்ப தெரிஞ்சுதான் கேக்குற” என்று சிரித்துவிட்டு, பீரியாடிக் சர்வீஸ் பேயில் இலக்கு உண்டு, ஜெனரல் ரிப்பேர் பேயில் வேலை மணிக்கணக்கு, அங்கே போகக் குறைந்தது ஒரு வருடம் ஆகும் என்று சொன்னார். நேர்மையான பதில். இதில் ‘வேலை மணி’ என்பதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளட்ச் மாற்ற இத்தனை மணி என்று கையேட்டில் இருக்கும். அமெரிக்க டீலர்களிடம் பரவலாக இருக்கும் முறை இது. அதைவிட வேகமாக முடித்தால் மெக்கானிக்குக்கு லாபம், துருப்பிடித்த போல்ட் ஒன்று முரண்டு பிடித்தால் நஷ்டம். வேகம் பழகும், அவசரமும் சேர்ந்தே பழகும்.

நாங்கள் கிளம்பும்போது அவன் திரும்பி ஒரு வண்டியின் சக்கரம் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏர் கன்னால் நட்டுகளை ஏற்றிய பையன், கடைசியில் டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொன்றாக ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை இறுக்கினான். “பரவால்ல இடம்” என்றான் தம்பி. நான் சோபாவைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு செயலியோடு இணைந்த பல பிராண்ட் பட்டறை. வண்டியை வீட்டில் வந்து எடுத்துப்போவார்கள், வேலை நடப்பதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். சம்பளம் 19,000, மூன்று இடங்களில் இதுதான் அதிகம். ஆனால் நியமனக் கடிதம் செயலிக் கம்பெனியுடையது அல்ல. அது ஏற்கெனவே இருந்த ஒரு பட்டறை, மேலே புது நிற பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். இந்தக் கட்டமைப்பை நான் என் தொழிலில் உள்ளிருந்து பார்த்தவன். மேலே முதலீடு, நடுவில் மென்பொருள், கீழே வேறு யாருடைய ஷெட்டோ. 2016-இல் குருகிராமில் தொடங்கிய கோமெக்கானிக் இதே மாதிரியில் வேகமாக வளர்ந்தது. 2023 ஜனவரியில் நிதிக் கணக்குகளில் கோளாறு நடந்திருப்பதை அதன் நிறுவனர்களே ஒப்புக்கொண்டார்கள். ஊழியர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள். பின்பு நிறுவனம் கைமாறியது. இந்த மேடவாக்கத்துப் பட்டறையும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளம் தருவது யார் என்று அங்கே மூன்று பேரைக் கேட்டோம், மூன்று பதில் வந்தது. தம்பி பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

மூன்றாவது, உள்தெருவில் இருந்த ஷெட். இதை எனக்கு ஏற்கெனவே தெரியும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் தண்ணீரில் மிதந்து போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வளாகத்தில் கார்கள் மிதக்கவில்லை, சீட் வரை நின்றன. சிக்னல் கிடைத்ததும் நான் அழைத்தது இந்த ஷெட்காரரைத்தான். ஹலோகூடச் சொல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “சார், சாவியத் திருப்பாதீங்க.”

காரணம் எளிது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ராடு வளையும். அத்தோடு இன்ஜின் காலி. சாதாரண இன்ஷூரன்ஸில் அந்தச் சேதம் பெரும்பாலும் வராது, இன்ஜினுக்கென்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். ஐந்தாவது நாள் வண்டியை இழுத்துப்போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார். ஆயிலை மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்றினார். அந்த மாதம் அவர் கேட்டதை எல்லோரும் கொடுத்திருப்பார்கள். தெரு முழுக்க நனைந்த கார்கள் வரிசையில் நின்றன. அவர் வழக்கமான கூலிதான் வாங்கினார். கார்பெட்டைக் கழற்றி வெயிலில் போடுவதை மட்டும் “நீங்களே பண்ணிக்கோங்க சார், அதுக்குப் போயி காசு குடுப்பீங்களா” என்றார்.

எனவே தம்பியை அங்கே அழைத்துப்போகும்போதே எனக்கு ஒரு சாய்வு இருந்தது. சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் இரண்டு பையன்கள் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டிலிருந்து வருகிறவர்கள். நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த அந்த அடுக்குமாடிகளிலிருந்து இந்தப் பக்கத்து ஷெட்டுகளுக்குத் தினமும் பையன்கள் நடந்து வருவார்கள். ஒரு பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. வயதைக் கேட்டேன். “பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார், ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வச்சிருக்கேன்” என்று ஓனரே சொன்னார்.

பதினொரு மணிக்கு ஒருவர் கோபமாக வந்தார். முந்தின நாள் பிரேக் வேலை முடித்து எடுத்துப்போன வண்டி, மறுபடி சத்தம் வருகிறது. இதை ‘ரிட்டர்ன்’ என்பார்கள். எல்லாப் பட்டறைக்கும் வருவதுதான். அது வரும்போது ஓனர் யாரைப் பார்க்கிறார் என்பதில்தான் அந்த இடத்தின் குணம் தெரியும் என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான். இவர் வேலை செய்த பையனைக் கூப்பிட்டார். திட்டவில்லை. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழற்றி, “எங்க சத்தம் வருதுன்னு நீயே கண்டுபுடி” என்று விட்டுவிட்டுப் போய் டீ குடித்தார். பேடின் பின்னாலிருக்க வேண்டிய மெல்லிய தகடு ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. பையன் கண்டுபிடித்தான். பணம் வாங்கவில்லை. வாடிக்கையாளரிடம் “எங்க தப்பு சார்” என்றார். பையனின் தப்பு என்று சொல்லவில்லை.

தம்பி இதைப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். ஒரு வேலையிடம் பிடித்துப்போன முகம் அது. எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு கம்பெனியில் அப்படி நடந்தது. அங்கே ப்ரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் ‘யார்’ என்று கேட்க மாட்டார்கள்.

குறைகளும் கண்ணில் பட்டன. ஒட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவர் திறந்தவெளியில் பெயின்ட் ஸ்பிரே செய்துகொண்டிருந்தார், மூக்கில் கர்ச்சீப். இப்போது கார்களுக்கு அடிக்கும் இரட்டைக் கலவை பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமா வரவைக்கும் பொருள் அது, கர்ச்சீப்புக்குக் கட்டுப்படாது. பழைய ஆயிலில் முழங்கை வரை நனைந்த கையைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி இல்லை. கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது, ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்து வந்த நல்ல திருத்தம். மெக்கானிக்கின் முதுகை இன்னும் யாரும் நினைக்கவில்லை.

பிறகு தம்பி இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டான்.

ஓனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். “தம்பி, பத்துப் பேர் இருந்தா கட்டணும். எனக்குத் தெரியும். அதனாலதான் எட்டோட நிறுத்தி வச்சிருக்கேன். உன்னைச் சேத்தா ஒம்போது. அதுக்கு மேல எடுக்க மாட்டேன்.”

ஏமாற்றாமல் சொன்னார். பத்துப் பேருக்கு, ஆளுக்கு 16,000 என்று வைத்தால்கூட, அவர் பங்கு மாதம் 5,200 ரூபாய். ஒரு கிளட்ச் வேலையின் கூலி அளவுகூட வராது. பணம் அவருக்குத் தடை இல்லை. பதிவு, ஆடிட்டர், இன்ஸ்பெக்டர், மாதாமாதம் ஆன்லைனில் ஏற்றுவது, ஒரு இடத்தில் பெயர் ஏறினால் இன்னும் நான்கு இடத்தில் ஏறுமே என்ற பயம். நான் செய்து தருகிறேன், லாகின் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். “உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி” என்றார், அன்பாகத்தான். யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நான் பாத்துப்பேன்.” பார்த்துக்கொள்வார். நம்புகிறேன். ஆனால் அது அவர் உயிரோடு, கையில் பணத்தோடு, மனத்தாங்கல் இல்லாமல் இருக்கும்வரைதான்.

தம்பியோடு ஐ.டி.ஐ. படித்த ஒருவனுக்கு ஃபேன் பெல்ட்டில் இரண்டு விரல் போய்விட்டது. அவன் வேலை பார்த்த ஓனரும் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கொடுத்தார், இரண்டு மாதம் பாதிச் சம்பளமும் கொடுத்தார். மூன்றாவது மாதம் அவன் ஊருக்குப் போய்விட்டான். இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், வேலையின்போது உறுப்பை இழந்ததற்கு மாதாமாதம் ஒரு தொகை வாழ்நாள் முழுக்க வந்திருக்கும். தம்பி இதை என்னிடம் சொன்னது ஷெட்டிலிருந்து திரும்பி வரும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, முன்னால் பார்த்துக்கொண்டே.

இந்த இடத்தில் நான் படித்த புத்தகங்கள் எதுவும் உதவவில்லை. மேத்யூ கிராஃபோர்டு என்பவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, சிந்தனைக் கூடம் ஒன்றில் கிடைத்த வேலையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தவர். கையால் செய்யும் வேலையின் மாண்பைப் பற்றி 2009-இல் ஒரு புத்தகம் எழுதினார். மென்பொருள்காரர்கள் நடுவில் அதற்கு ஒரு ரசிகர் கூட்டம் உண்டு, நானும் அதில் சேர்ந்தவன்தான். ஆனால் அவர் பட்டறையின் முதலாளி. நம் ஊரில் ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டிக் கற்று, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பேருந்து விட்டுத் தொடங்கியவர். வருடக்கணக்கில் வகுப்பில் உட்காரவைப்பது வீண் என்று பொறியியல் படிப்பைப் பற்றியே சண்டை போட்டவர். அவரும் சீக்கிரமே முதலாளி ஆகிவிட்டார். முப்பது வருடம் இன்னொருவர் கூரைக்குக் கீழே, தன் ஸ்பேனரைக்கூடத் தானே வாங்கிக்கொண்டு, நல்ல மெக்கானிக்காக மட்டும் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் புத்தகம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், வாங்குகிறேன்.

ஸ்பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஷெட்டில் எல்லா டூல்ஸும் ஓனருடையவை. எது தொலைந்தாலும் சனிக்கிழமை எண்ணும்போது எல்லார் கூலியிலும் பிரித்துப் பிடிப்பார். தொலைவது எப்போதும் பத்தாம் நம்பர் சாக்கெட்தான், உலகம் முழுக்க இது ஒரு நகைச்சுவை. கம்பெனியில் ஆளுக்கொரு டிராலி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தம்பி தனக்கென்று ஒரு செட் வாங்கவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொந்த டூல்ஸ் இருந்தால் எந்த இடத்தையும் எந்த நாளும் விட்டுவிட்டுப் போகலாமாம்.

சித்தியிடம் போனில் பேசினோம். சித்திக்கு ஷெட் என்ற சொல்லே பிடிக்கவில்லை. “கம்பெனின்னு சொன்னாதான் பொண்ணு குடுப்பாங்க. கழுத்துல கார்டு போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு.” சித்தப்பா போனை வாங்கி, “அவனுக்கு எது புடிக்குதோ அதப் பண்ணட்டும், என்னை நெனச்சு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம்” என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் அவன் முடிவு செய்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

கம்பெனியில் சேர்ந்தான். பீரியாடிக் பேயில் ஒரு வருடம். இலக்கு அங்கும் இருந்தது. பழைய இடத்தைப்போல இல்லை, ஆனால் இருந்தது. அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தால், இது இப்போது தேவையா இல்லையா என்று தன் வாயால் சொல்வான். அட்வைசர் எழுதினால் எழுதிக்கொள்ளட்டும், தன் கையெழுத்து போகும் இடத்தில் தான் பார்த்ததை மட்டும் எழுதுவான். மாதம் இரண்டாயிரம், மூன்றாயிரம் இன்சென்டிவ் போனது. சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார், மூன்றாவது முறை கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்குப் போனான். ஓனர் கூலியும் மதியச் சாப்பாடும் கொடுத்தார், இன்ஜினைப் பிரிக்க விட்டார். கம்பெனியில் பழுதான பாகத்தை மொத்தமாக மாற்றிவிடுவார்கள், பிரித்துப் பார்க்கும் பழக்கமே இல்லை. ஷெட்டில் பிரிக்காமல் எதையும் மாற்ற மாட்டார்கள். ஏழு நாளும் வேலை செய்கிறாயே, உடம்பு என்னாவது என்று கேட்டேன். “ஞாயித்துக்கெழம வேலை இல்லண்ணா, க்ளாஸு” என்றான். இது ஒரு தீர்வு என்று நான் நினைக்கவில்லை. இருபத்து மூன்று வயதின் முதுகு தாங்குகிறது, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் ஜெனரல் ரிப்பேருக்கு மாற்றினார்கள். அந்த மாதமே சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் தொடங்கியது. சித்தி அவரைக் கூட்டிக்கொண்டு மேடவாக்கத்துக்கே வந்துவிட்டார். அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒற்றை அறையில் மூன்று பேர். நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

ஷெட்டில் இப்போதும் எட்டுப் பேர்தான். போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது ஓனர் தானாகவே ஆரம்பித்தார். “உங்க தம்பி மாதிரி ரெண்டு பேர் கெடச்சா பத்தாக்கிடலாம்னு பாக்குறேன் சார். அந்த ஆன்லைன்ல ஏத்துறேன்னு சொன்னீங்களே, அது எவ்ளோ நேரம் புடிக்கும்?” மாதத்துக்கு அரை மணி நேரம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்விஃப்ட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.